எதுக்கு சார் உங்களுக்கு?

உங்கள் வீட்டுக் குழாயில் இன்றைக்குக் காலையில் வந்தது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். கோவைக்காரர் சிறுவாணி என்பார், பில்லூர் என்பார். ஊட்டிக்காரர் பார்சன்ஸ்வேலி என்பார். சென்னைக்காரர் செம்பரம்பாக்கம், வீராணம் என்று ஆரம்பித்து லாரி டிரைவரின் செல் நம்பர் வரை சொல்லுவார்.

சரி. அந்தத் தண்ணீர் கிளம்பிய ஓடையில் இன்றைக்கு எவ்வளவு ஓடுகிறது? ஜில்லென்று ஓடுகிறதா, வெதுவெதுவென்று ஓடுகிறதா? தெளிவாகவா, கலங்கலாகவா? அதற்குள் புழு பூச்சி ஏதாவது உயிரோடு இருக்கிறதா?

முழிக்கிறீர்கள். தப்பில்லை. நானும் இப்படித்தான் முழித்தேன், ஒரு தூண்டில் கடையில்.

சில வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவில் மான்டானா என்கிற மலை மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் வீட்டில் போய் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ஆகஸ்ட் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். சும்மா வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். வழியில் ஒரு சின்னக் கடை. உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு கரும்பலகை. நம்ம ஊர் மெஸ்ஸில் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. ஆனால், அதில் இருந்தது பொங்கலும் வடையும் இல்லை. ஆறுகளின் பெயர்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் எதிரே விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது, காலையில் எத்தனை டிகிரி, சாயங்காலம் எத்தனை டிகிரி, தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன பூச்சி பறக்கிறது, எந்த நேரத்தில் பறக்கிறது... எல்லாம் சாக்பீஸில். ஓர் ஆற்றுக்கு எதிரே மட்டும் சிவப்பு எழுத்து.

"பெரியப்பா, அந்த ஆத்துல இன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல மீன் பிடிக்கக் கூடாது" என்றான்.

"ஏன், மந்திரி யாராச்சும் வர்றாரா?"

"இல்ல பெரியப்பா. தண்ணி சூடாயிடுச்சு. மீனுக்கு மூச்சு முட்டும்."

நான் அப்போது சிரித்துவிட்டேன். பிறகு விசாரித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அவர்கள் பிடிப்பது டிரவுட் என்ற மீன். குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே வாழும் மீன். அதைப் பிடிக்கும் முறைக்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். மண்புழு கிடையாது, மாவுருண்டை கிடையாது. கோழி இறகு, பட்டு நூல், கொஞ்சம் ரோமம் இவற்றை முள்ளில் சுற்றி, பார்த்தால் நிஜப் பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்கிறார்கள். அதை ஆற்றின் மேல் மெதுவாக வந்து விழும்படி வீசுகிறார்கள். பூச்சி விழுந்தது என்று நம்பி மீன் வாயைத் திறக்கிறது. இதில் முக்கியமான சங்கதி, அன்றைக்கு அந்த ஆற்றில் எந்தப் பூச்சி நிஜமாகவே பறக்கிறதோ அந்தப் பூச்சியைத்தான் கட்ட வேண்டும். வேறு பூச்சியைக் கட்டினால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் மீன் பிடிக்கிறவன் முதலில் ஆற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் கரும்பலகை.

சூட்டுக் கணக்கு இதைவிடச் சுவாரஸ்யம். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு பிராணவாயு அதில் கரைந்திருக்கும். கடல் மட்டக் கணக்கில் சொன்னால், 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம். அதே தண்ணீர் 25 டிகிரிக்கு ஏறினால் சுமார் 8 மில்லிகிராம். மலைமேல் காற்று மெல்லியது என்பதால் இன்னும் குறையும். 20 டிகிரி தாண்டினாலே டிரவுட்டுக்குத் திணற ஆரம்பித்துவிடும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனைத் திரும்ப ஆற்றில் விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். ஆகவே மான்டானா அரசு ஒரு விதி வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் ஆற்றின் உச்ச வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்த ஆற்றில் தூண்டில் போடத் தடை விதிக்கலாம். இதற்கு 'ஆந்தைத் தடை' என்று செல்லப் பெயர். அந்தக் காலத்தில் மரம் வெட்டும் தொழிலாளிகள் கோடையில் காட்டுத் தீக்குப் பயந்து, ஆந்தை கத்தும் விடிகாலையிலேயே வேலையை முடித்துவிடுவார்களாம். அதிலிருந்து வந்த பெயர்.

2016 ஆகஸ்ட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒரு சின்ன ஒட்டுண்ணியால் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. செத்தவற்றில் பெரும்பாலானவை டிரவுட்கூட இல்லை, தூண்டில்காரர்கள் பெரிதாக மதிக்காத வொயிட்ஃபிஷ் என்கிற மீன். உடனே 183 மைல் நீளத்துக்கு அந்த ஆற்றையே மூடிவிட்டார்கள். தூண்டில் போடக் கூடாது, படகு விடக் கூடாது, குளிக்கக் கூடாது. அதுவும் சுற்றுலா சீசனில். ஹோட்டல்காரர்கள், படகுக்காரர்கள் வயிற்றில் அடி. அடித்தாலும் பரவாயில்லை என்று மூடினார்கள்.

உடனே அமெரிக்காவுக்கு ஆரத்தி எடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறுகளைக் கெடுப்பதில் அவர்களும் சூரர்கள்தான். அணை கட்டி, சுரங்கம் தோண்டி, அந்த மண்ணின் பூர்வகுடிகளைத் துரத்தி அடித்த பிறகுதான் இந்தக் கரும்பலகை எல்லாம் வந்தது. தவிர, ஒரு மீனின் வாயில் முள்ளை மாட்டி இழுத்து, அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விடுவதில் என்ன கருணை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பசிக்கு மீன் பிடிக்கிற ராமேஸ்வரத்துக்காரரைப் புரிகிறது. பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற என் தம்பி மகனைப் புரியவில்லை. இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆனால், எனக்கு உறைத்தது வேறு. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவன் தினமும் காலையில் ஆற்றை இவ்வளவு விசாரிக்கிறான். அதே ஆறு நமக்குக் குடிதண்ணீர். நாம் விசாரிக்கிறோமா?

'இதென்ன அமெரிக்கப் புராணம், நமக்கும் அந்த மீனுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? சம்பந்தம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சம்பந்தம்.

நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஊட்டிக் குளிர் பிடித்துப்போனது. குதிரை வந்தது, கோல்ஃப் வந்தது, வேட்டை நாய் வந்தது. ஓடையில் ஊர் ஞாபகத்துக்கு ஒரு மீன் மட்டும் இல்லை. 1860-களிலிருந்தே டிரவுட்டைக் கொண்டுவர முயற்சி செய்தார்கள். கப்பல் பயணத்து வெயிலில் முட்டைகள் வீணாயின. கடைசியில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசின் மீன் நிபுணராக இருந்த எச்.சி.வில்சன் அதைச் சாதித்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. இலங்கை உள்ளிட்ட இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்த ரெயின்போ டிரவுட் என்ற வானவில் மீன், நம் நீலகிரி ஓடைகளில் குடியேறியது. மான்டானாவில் என் தம்பி மகன் துரத்துகிற அதே மீன்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்குருத்தி என்று நீலகிரியின் மேற்கு மூலையில் இன்றும் அந்த மீன் உண்டு. நினைத்தபடி போய்த் தூண்டில் போட முடியாது. காட்டுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முக்குருத்தி வரையாடுகளின் வீடு. அங்கே நம் கும்மாளம் குறைவாக இருப்பதே நல்லது.

ஊர் திரும்பிய பிறகு ஓர் ஏப்ரல் மாதம் அவலாஞ்சிப் பக்கம் போனேன். சாலையோரம் ஓர் ஓடை. கையை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு ஜில்? டிரவுட்டுக்கு ஆகிற ஜில்லா, ஆகாத ஜில்லா? என் கை என்ன தெர்மாமீட்டரா? பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"தண்ணி எப்பவும் இப்படித்தான் ஓடுங்களா பெரியவரே?"

"எங்க சார்... நாங்க சின்னப் பிள்ளையில இந்தக் கல்லெல்லாம் கண்ணுல பட்டதே இல்ல. இப்ப கல்லுதான் தெரியுது, தண்ணி தேட வேண்டியிருக்கு."

அவர் சொன்னது நிஜமா, வயதானவர்களுக்கு எல்லாமே அந்தக் காலத்தில் அதிகமாகத் தெரியுமே, அதுவா? பதில் எண்ணில் இருக்கிறது. எண் எங்கே இருக்கிறது? ஊட்டியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர் தங்கமான மனிதர், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

"ஓடையில எவ்வளவு தண்ணி வருது, என்ன டெம்பரேச்சர்னு ஏதாவது பதிவு இருக்குமா சார்?"

மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏதாவது ஆராய்ச்சி பண்றீங்களா?"

"இல்லீங்க."

"எஸ்டேட் ஏதாவது வாங்கறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு சார் உங்களுக்கு?"

இந்த ஒரு கேள்விதான் நம் நாட்டில் ஆறுகளின் தலையெழுத்து. அங்கே ஒரு கடைக்காரர் யாரும் கேட்காமலே பலகையில் எழுதிவைக்கிறார். அவருக்கு அந்த எண் எங்கிருந்து கிடைக்கிறது? அரசாங்கத்திடமிருந்துதான். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1889-ல் நியூ மெக்ஸிகோவில் எம்புடோ என்ற இடத்தில் ரியோ கிராண்டி ஆற்றில் முதல் அளவு நிலையத்தை வைத்தது. இன்றைக்கு நாடு முழுக்க 8,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள். அளந்த எண் உடனுக்குடன் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே வந்துவிடும். விவசாயி பார்க்கலாம், படகுக்காரர் பார்க்கலாம், வேலைவெட்டி இல்லாத பெரியப்பா பார்க்கலாம். 'எதுக்கு உனக்கு' என்று ஒருவரும் கேட்பதில்லை.

நம்மிடம் அளவு இல்லாமல் இல்லை. மத்திய நீர் ஆணையத்துக்கு பவானியிலும் மோயாற்றிலும் நிலையங்கள் உண்டு. அவை மலை இறங்கிய பிறகு வருகிற பெரிய ஆறுகளுக்கு. மலைமேல், ஆறு பிறக்கிற ஓடைகளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. குந்தா மின்திட்டம் கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்டது. 1960-லிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறோம். ஒரே தண்ணீர் மலை இறங்கும் வழியில் ஒரு மின்நிலையம் விட்டு இன்னொரு மின்நிலையம் என்று வரிசையாகச் சுழல்கிறது. அணையில் மட்டம் எவ்வளவு என்று அளக்காமல் ஒருநாள்கூட அந்த வேலை நடக்காது. ஆக, மின்சாரத்துக்கு அளக்கிறோம். ஓடைக்கு யார் அளப்பது?

நமக்கு எண் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. மேட்டூர் மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுகிற ஜாதி நாம். 120 அடி என்றால் தஞ்சாவூரில் பட்டாசு வெடிப்போம். 2019 ஆகஸ்ட்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியது. அந்த எண் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. மேலேயிருந்து விழுவதை அளக்கிறோம். கீழே தேங்கினதை அளக்கிறோம். நடுவில் ஓடுவதை மட்டும் கேட்கிறவன் இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஊட்டிக்கு வருகிற கார்களை எண்ணுகிறோம். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடை சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்ல காரியம், தலைவணங்குகிறேன். ஆனால், மலை எத்தனை காரைத் தாங்கும் என்று தீர்மானிக்க, மலையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? 8,000 வண்டியில் வருகிறவர்கள் குளிப்பதும் குடிப்பதும் எந்தத் தண்ணீரில்? பஸ் ஸ்டாண்டில் வாங்குகிற பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரிலா? அதுவும் அங்கே தடை!

'சரி சார், அந்த மீனே அந்நிய மீன். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. அது இருந்தா என்ன, செத்தா என்ன?' என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று நிபுணர்கள் போட்ட பட்டியலில் இந்த வானவில் மீனும் இருக்கிறது. போன இடத்திலெல்லாம் உள்ளூர் மீனையும் தவளையையும் தின்று தீர்த்த கதை அதற்கு உண்டு. 'பழைய துரைமார் காலம் மாதிரி ஊட்டியில் டிரவுட் சுற்றுலாவை வளர்க்கலாமே' என்று யாராவது யோசனை சொன்னால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மீன் நமக்கு வேண்டாம். அந்த மீன் கேட்கிற தண்ணீர் நமக்கு வேண்டும்.

டிரவுட் கேட்பது என்ன? குளிர்ந்த தண்ணீர். கரையில் நிழல். அடியில் மண் மூடாத கூழாங்கல், அதில்தான் முட்டை இடும். வருஷம் பூரா வற்றாத ஓட்டம். கல்லுக்கு அடியில் பூச்சிகள். இதில் எது சார் அந்நியம்? சோலையும் புல்வெளியும் நல்லபடி இருந்தால் இத்தனையும் தானாக இருக்கும். அந்தக் கரும்பலகையில் எழுதியிருந்த பூச்சிகளில் ஒன்று மே ஈ. நம் ஈசல் மாதிரி, இறக்கை முளைத்தபின் ஓரிரு நாள்தான் வாழ்க்கை. ஆனால், அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஓடைக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு இளம்புழுவாக வாழும். சாக்கடை கலந்தால் வாழாது. பிராணவாயு குறைந்தால் வாழாது. அதனால்தான் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் ஓடையின் ஆரோக்கியத்தைப் பார்க்க முதலில் கல்லைப் புரட்டி இந்தப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். லேப் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பையன் போதும்.

உள்ளூர் மீன் கதையையும் கேளுங்கள். இதே நீலகிரித் தண்ணீர் இறங்குகிற மோயாற்றில் முதுகு கூன் விழுந்த மாதிரி ஒரு மஹ்சீர் மீன் உண்டு. காவிரிக் குடும்பத்து ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அதைத் தேடி வந்தார்கள். ஆனால், அது இன்ன இனம் என்று விஞ்ஞானப் பெயர் உறுதியானது எப்போது தெரியுமா? 2018-ல்! உறுதியானபோது கிட்டத்தட்ட அழிவின் விளிம்பில் நிற்கிறது என்ற பட்டமும் சேர்ந்தே வந்தது. ஜாதகம் எழுதும் நாளிலேயே கருமாதிக்கு நாள் பார்த்த கதை. அளக்காமல், எண்ணாமல், எழுதிவைக்காமல் இருந்தால் இப்படித்தான். போன பிறகுதான் இருந்ததே தெரியும்.

'அளந்தா மட்டும் என்ன ஆயிடும், தண்ணி கூடிடுமா?' இதுவும் கேட்பீர்கள். கூடாது. ஆனால் பொய் குறையும். அதற்கும் நீலகிரியிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் புல்வெளியில் கற்பூர மரம் நட்டால் மலைக்கு நல்லதா கெட்டதா என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. ஊட்டியில் உள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் பட்டிமன்றத்துக்குப் போகவில்லை. கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள், இன்னொன்றில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். வருஷக்கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கம் தண்ணீர் 16 சதவிகிதம் குறைந்தது. வெட்டிய மரம் மறுபடி துளிர்த்த அடுத்த சுற்றில் கால்வாசி குறைந்தது. முடிந்தது வழக்கு! மாடு மேய்க்கிற பெரியவர் 'கல்லுதான் தெரியுது' என்று சொன்னது வெறும் கிழட்டுப் புலம்பல் இல்லை என்று சொல்ல இன்றைக்கு நம்மிடம் ஓர் ஆதாரம் இருக்கிறதென்றால், யாரோ சில பேர் மழையிலும் பனியிலும் போய் அளந்து எழுதியதால் இருக்கிறது.

இனி உங்கள் குழாய்க்கு வருவோம். அவலாஞ்சி ஓடை குந்தாவுக்குப் போகிறது. குந்தா பவானியில் சேர்கிறது. பவானி பில்லூர் அணைக்கு வருகிறது. அங்கிருந்து கோவைக்குக் குடிதண்ணீர். மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகர். இன்னொரு பக்கம் பைக்காரா, மோயாறாகி அதே பவானிசாகருக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சம் ஏக்கருக்குமேல் பாசனம். மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு கலந்து, திருச்சி வழியாகத் தஞ்சாவூர் வரை போகிறது. டிரவுட் மூச்சு முட்டுகிற ஓடை ஏதோ மலைமேல் இருக்கிற ஓடை என்று நினைக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக் குழாயின் மறுமுனை. மலையிலே ஓட்டம் சுருங்கினால், சூடு ஏறினால், முதலில் அந்த மீனுக்குத் தெரியும். நமக்குக் குடத்தோடு தெருவில் நிற்கும்போது தெரியும்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, 10 ரூபாய் கட்டி மனு போட வேண்டியதுதானே என்பார்கள். போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். அதற்குள் நான் கேட்ட தண்ணீர் கூடுதுறை தாண்டி, கல்லணை தாண்டிப் போயிருக்கும்! தவிர, அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே என்ன சொல்கிறது? மக்கள் வந்து மனு போட்டுக் கேட்கிற நிலைமையே வராதபடி, அரசு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. 2005-ல் வந்த சட்டம். ஆனாலும் இன்னும் 'எதுக்கு சார் உங்களுக்கு?' என்பதுதான் நம் அலுவலக மொழி.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஆயிரம் கோடி இல்லை, உலக வங்கி இல்லை. நீலகிரியில் குடிதண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் ஆதாரமான முக்கிய ஓடைகள் எவை எவை என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல், ஒரு தெர்மாமீட்டர். தினம் ஒரு தடவை பார்த்து எழுத ஓர் ஆள். எழுதின எண் அன்றைக்கே வெளியே வரவேண்டும். மேட்டூர் மட்டம் வருகிற அதே பெட்டிச் செய்தியில், அதற்குக் கீழே இரண்டு வரி. அவ்வளவுதான்.

ஆள் பற்றாக்குறையா? கேரளத்தில் மீனச்சில் ஆற்றுக் கரையில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் தாங்களே அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மேலே மழை பெய்தால் கீழே இருக்கிறவன் முன்கூட்டியே பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போகலாம். நம் பிள்ளைகள் என்ன மட்டமா? எமரால்டு பள்ளிக்கூடத்துப் பெண் ஓடையில் தெர்மாமீட்டரை விட்டு நோட்டில் எழுத மாட்டாளா? கல்லைப் புரட்டி மே ஈ புழுவை எண்ண மாட்டாளா? பாடப் புத்தகத்தில் சுற்றுச்சூழல் என்று பத்துப் பக்கம் மனப்பாடம் செய்வதைவிட அந்த ஒரு நோட்டு பெரிய படிப்பு. பத்து வருஷம் எழுதினால் அதுதான் அந்த மலையின் மெடிக்கல் ரிப்போர்ட். யார் புது அணை என்று வந்தாலும், யார் புது ரிசார்ட் என்று வந்தாலும், அந்த நோட்டை மேஜையில் போட்டு 'இதைப் பார்த்துட்டுப் பேசுங்க' என்று சொல்லலாம்.

ஒருவேளை அதனால்தான் நோட்டுப் போட யாருக்கும் மனசு வரவில்லையோ?

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தக் கோடையில் இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊட்டிக்குப் போவீர்கள். வர்க்கி வாங்குவீர்கள், தைலம் வாங்குவீர்கள், பூங்காவில் போட்டோ எடுப்பீர்கள். போகிற வழியில் ஓர் அரசு அலுவலகத்தில் தலையை நீட்டி, 'சார், ஓடையில இன்னைக்குத் தண்ணி எவ்வளவு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நூறு பேர் கேட்டால் எரிச்சல் வரும். ஆயிரம் பேர் கேட்டால் பலகை வரும்.

'எதுக்கு சார் உங்களுக்கு?' என்று நிச்சயம் கேட்பார். கோபப்படாதீர்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.

"குடிக்கத்தான் சார்!"